பத்தாம் ஆண்டில் கேட்கப்படும் கேள்வி

2018 நவம்பரில் ஒரு மாலை, சிங்கப்பூரின் தெம்பனிஸ் வட்டாரத்தில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இரண்டு காகிதங்களை அருகருகே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இங்கே ஒரு காரை ஓட்டும் அனுமதி பத்து ஆண்டுக்குத்தான். அதன் பிறகு பதிவை நீக்க வேண்டும், இல்லையென்றால் மறுபடி பணம் கட்டி நீட்டிக்க வேண்டும். என் காரை ஸ்கிராப்புக்குக் கொடுத்தால் கைக்குத் திரும்பி வரும் தொகை ஒன்றில் இருந்தது. பதினைந்தாயிரம் வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) சற்றுக் குறைவு. அதே காரை இன்னும் பத்து ஆண்டுகள் ஓட்ட நான் கட்ட வேண்டிய தொகை மற்றொன்றில் இருந்தது. முப்பதாயிரத்துக்குச் சற்று மேல். கட்டினால் முதல் தொகையும் போய்விடும். ஆக, பத்து வயது ஹோண்டா ஒன்றுக்காக நான் நாற்பத்தைந்தாயிரம் வெள்ளியைத் தூக்கிக் கொடுக்கிறேன் என்று பொருள். அம்மா தண்ணீர் செம்பை வைத்துவிட்டுக் காகிதங்களைப் பார்த்தார். "ஏன் தம்பி, அந்தக் காசுக்கு ஊரில் ஒரு மனை வாங்கலாமே" என்றார். நான் பதில் சொல்லவில்லை. மறுநாள் காலை பணத்தைக் கட்டினேன்.

அந்தக் கார் 2008இல் பதிவான ஹோண்டா சிவிக் டைப் ஆர். எஃப்டி2 என்று அதன் உடற்கூட்டு எண்ணைச் சொன்னால் கார்ப் பைத்தியங்களுக்குப் புரியும். நான்கு கதவு, வெள்ளை நிறம், முகப்பில் சிவப்பு எச். அதை லிமிடெட் எடிஷன் என்று யாரும் விற்கவில்லை. கதவுக்குள் எண் பொறித்த தகடு எதுவும் கிடையாது. இருந்தும் இன்று அதே காரைத் தேடிக்கொண்டு என்னிடம் வந்து, "அண்ணே, விற்கிற எண்ணம் வந்தால் முதலில் எனக்குச் சொல்லுங்கள்" என்று கேட்கும் தம்பிகள் உண்டு. இதற்கு எதிர்மாறான ஒரு கதையும் எனக்குத் தெரியும். அந்த இரண்டுக்கும் நடுவில்தான் இந்தக் கட்டுரை.

எங்கள் அலுவலகத்தில் எனக்கு மூத்தவர் ஒருவர் இருந்தார். அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். 2012இல் ஓர் ஐரோப்பிய ஹாட்ச்பேக் வாங்கினார். உலகம் முழுவதற்கும் சில நூறு மட்டுமே என்ற வகை. அதன் பெயர் இங்கே வேண்டாம். கதவைத் திறந்தால் வாசற்படியில் வரிசை எண் பதித்த அலுமினியத் தகடு இருக்கும். தோல் உறைக்குள் ஒரு சான்றிதழ் வேறு கொடுத்திருந்தார்கள். "இது செலவு இல்லை தம்பி, முதலீடு" என்பார். அதனால் அதை ஓட்டவே மாட்டார். ஒன்பது ஆண்டுகளில் இருபதாயிரம் கிலோமீட்டர்கூட ஓடவில்லை. மூடுதுணிக்குள் ஒரே இடத்தில் நின்று நின்று டயர்களில் தட்டை விழுந்துவிட்டது. ரப்பர் குழாய்கள் விறைத்துப்போயின. இந்த ஊரின் ஈரப்பதத்தில் ஓடாத வண்டிக்கு அதுதான் கதி.

2021இல் விற்கும் நேரம் வந்தபோது பழைய கார்த் தரகர்கள் இருக்கும் உபி வட்டாரத்துக்குத் துணைக்கு நானும் போனேன். தரகர் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். கால்குலேட்டரை எடுத்தார். மீதமிருக்கும் சிஓஇ (பத்தாண்டு வாகன உரிமைச் சான்றிதழ்) இவ்வளவு, பார்ஃப் (பதிவை நீக்கினால் திரும்பி வரும் கட்டணம்) இவ்வளவு, இரண்டையும் கூட்டினால் பேப்பர் வேல்யூ இவ்வளவு, அதற்கு மேல் நாலாயிரம் தருகிறேன் என்றார். அண்ணன் தோல் உறையை எடுத்து மேசைமேல் வைத்தார். தரகர் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. "மாற்றுச் சாவி எங்கே?" என்று மட்டும் கேட்டார். திரும்பி வரும்போது எம்ஆர்டியில் அண்ணன் அந்த உறையை மடியில் வைத்துக்கொண்டு யூனோஸ் முதல் சீமெய் வரை ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. எண்களைப் பற்றி நான் தேடிப் படிக்கத் தொடங்கியது அந்த மாலைக்குப் பிறகுதான்.

படிக்கப் படிக்க, எண்ணிக்கை குறைந்தால் மதிப்பு ஏறும் என்ற நம்பிக்கை கையில் நிற்கவில்லை. போர்ஷே 1972இல் 911 கரேரா ஆர்எஸ் 2.7 என்ற காரை அறிவித்தது. பந்தய விதிப்படி 500 கார்கள் விற்றாக வேண்டும். அதை விற்றுத் தீர்க்க முடியுமா என்று கம்பெனிக்குள்ளேயே தயக்கம் இருந்தது. கடைசியில் 1,580 செய்தார்கள். திட்டமிட்டதற்கு மூன்று மடங்கு. ஃபெராரி எஃப்40ஐ முதலில் ஏறக்குறைய 400 போதும் என்று நினைத்தார்கள். 1987இல் அறிமுகமாகி உற்பத்தி முடிந்தபோது 1,311 ஆகியிருந்தது. 2011இல் வந்த பிஎம்டபிள்யூ 1 சீரிஸ் எம் கூப்பே 2,700 என்றார்கள், 6,309 செய்தார்கள். மூன்றிலும் முதலில் நினைத்த எண்ணிக்கை மீறப்பட்டது. மூன்றும் இன்று சேகரிப்பாளர்கள் போட்டி போட்டுக்கொண்டு வாங்கும் கார்கள். எஃப்40 ஒன்றை வாங்கப் பல லட்சம் அமெரிக்க டாலர்கூடப் போதாது, மில்லியன்களில் வேண்டும்.

இதற்கு நேர் எதிரில் ஜாகுவார் எக்ஸ்ஜே220 நிற்கிறது. 1988இல் பர்மிங்ஹாம் கண்காட்சியில் பன்னிரண்டு சிலிண்டர் இஞ்சினோடும் நான்கு சக்கர இயக்கத்தோடும் காட்டினார்கள். ஆளுக்கு 50,000 பவுண்டு முன்பணத்தோடு கூட்டம் வரிசையில் நின்றது. அந்த வரிசையில் பலருக்கு ஓட்டும் எண்ணமே இல்லை, வாங்கும் ஒப்பந்தத்தைக் கைமாற்றி லாபம் பார்க்க வந்தவர்கள். 1992இல் கார் கைக்கு வந்தபோது உள்ளே இருந்தது ஆறு சிலிண்டர் டர்போ இஞ்சின், இயக்கம் பின்சக்கரங்களுக்கு மட்டும். விலையோ வெகுவாக ஏறியிருந்தது. அதற்குள் பொருளாதார மந்தம் வந்து சேகரிப்புச் சந்தையே சரிந்து கிடந்தது. வாங்க ஒப்புக்கொண்டவர்கள் விலகிக்கொள்ள நீதிமன்றம் வரை போனார்கள். மொத்தம் செய்யப்பட்டவை முந்நூறுக்கும் குறைவு. எஃப்40இல் நான்கில் ஒரு பங்குகூட இல்லை. ஆனாலும் நீண்ட காலம் அதன் விலை எழுந்திருக்கவில்லை. நல்ல கார்தான், மணிக்கு 340 கிலோமீட்டரைத் தாண்டிய கார்தான். சொன்னது ஒன்று, கொடுத்தது ஒன்று என்று ஆனபோது அதன்மீது இருந்த ஆசை முறிந்தது. அந்த முறிவு ஒட்ட ஒரு தலைமுறைக் காலம் பிடித்தது.

அண்மைக் கதை ஒன்றும் உண்டு. 2016இல் போர்ஷே 911 ஆர் வந்தது. 991 கார்கள். பந்தய இஞ்சின், மேனுவல் கியர். அப்போது போர்ஷேயின் ஜிடி3 வகையில் மேனுவல் கிடைக்காது என்பதால் ஆர்வலர்கள் துடித்துப்போனார்கள். அமெரிக்காவில் 1,85,000 டாலர் அளவில் விலையிட்ட காருக்கு மறுவிற்பனையில் பத்து லட்சம் டாலர் கேட்டவர்கள் உண்டு. மறு ஆண்டே கம்பெனி ஜிடி3 டூரிங் என்று ஒன்றைக் கொண்டுவந்தது. அதே நான்கு லிட்டர் கொள்ளளவு, அதே மேனுவல் கியர், எண்ணிக்கைக்கு வரம்பு இல்லை. 911 ஆரின் விலை இறங்கிவிட்டது. வெளியீட்டு விலைக்கு மேல்தான் இன்றும் இருக்கிறது, ஆனால் உச்சத்தில் வாங்கியவர்கள் கையைச் சுட்டுக்கொண்டார்கள். 991 என்ற எண் மாறவே இல்லை. அந்த அனுபவம் வேறெங்கும் கிடைக்காது என்ற நிலைதான் மாறியது.

ஆகவே நான் இப்போது ஒரு காரைப் பார்த்தால் எத்தனை செய்தார்கள் என்று கேட்பதில்லை. ஏன் செய்தார்கள் என்று கேட்கிறேன். சுபாரு இம்ப்ரெஸா 22பி 1998இல் ஜப்பானுக்கு 400 கார்களாக வந்ததற்கு ஒரு காரணம் இருந்தது. 1995, 96, 97 என்று மூன்று ஆண்டுகள் தொடர்ந்து உலக ராலியில் தயாரிப்பாளர் பட்டத்தை அவர்கள் வென்றிருந்தார்கள். அந்த ராலிக் காரின் அகன்ற தோள்களைச் சாலைக் காருக்கு அப்படியே கொடுத்தார்கள், இஞ்சினை 2.2 லிட்டராகப் பெரிதாக்கினார்கள். டொயோட்டா ஜிஆர் யாரிஸ் ராலிக்காகவே பிறந்தது. அதனால்தான் சாதாரண யாரிஸுக்கு இல்லாத கூரையும் மூன்று கதவு உடலும் அதற்கு மட்டும் தனியாகச் செய்தார்கள். காரணம் உலோகத்தில் இருக்கிறது. கோடு ஒட்டி, தையல் நூலின் நிறத்தை மாற்றி, தகடு அடித்த கார்களில் காரணம் விளம்பரத்தில் இருக்கிறது. விளம்பரம் மறந்துபோகும்.

என் வெள்ளை வண்டிக்கு வருகிறேன். முகப்பின் சிவப்பு எச்சுக்கும் அந்த வெள்ளைக்கும் வேர் 1965இல் இருக்கிறது. மெக்சிகோ கிராண்ட் பிரீயில் ரிச்சி கிந்தர் ஓட்டி ஹோண்டாவுக்கு முதல் ஃபார்முலா ஒன் வெற்றி வாங்கித் தந்த ஆர்ஏ272 அதே சற்றே மஞ்சள் தட்டிய வெள்ளையில், சிவப்பு வட்டத்தோடு இருந்தது. சாம்பியன்ஷிப் ஒயிட் என்று பெயர். 1992இல் வந்த முதல் டைப் ஆரான என்எஸ்எக்ஸ் ஆர் முதல் அந்த நிறம் தொடர்கிறது. என் காரின் இரண்டு லிட்டர் இஞ்சினுக்கு டர்போ கிடையாது. 225 குதிரைத்திறனை அது 8,000 சுழற்சியில்தான் தரும். ஆறாயிரம் வரை சாதுவாக இருந்துவிட்டு அதற்குமேல் குரல் மாறிக் கத்தும். அந்தக் குரலுக்காகத்தான் பணம் கட்டினேன். இப்படி ஓர் இஞ்சினைப் புகை விதிகள் இனி அனுமதிக்கப்போவதில்லை.

குறையும் சொல்ல வேண்டும். சஸ்பென்ஷன் கல்லைப் போன்றது. வேகத்தடையில் ஏறி இறங்கினால் பின்னால் உட்கார்ந்திருக்கும் அம்மா "முருகா" என்று சத்தமாகச் சொல்வார். கியர் குமிழ் முழு அலுமினியம். எங்கள் பலமாடிக் கார்ப்பேட்டையின் மொட்டை மாடியில் நண்பகலில் நிறுத்திவிட்டு வந்து பிடித்தால் உள்ளங்கை வெந்துவிடும். முதல் ஆண்டே அம்மா தன் பழைய சுங்குடிச் சேலையின் முந்தானையிலிருந்து அதற்கு ஓர் உறை தைத்துக் கொடுத்தார். சுருக்குக் கயிறு வைத்த, விபூதிப் பை அளவிலான உறை. மெரூன் நிறத்தில் வெள்ளைப் புள்ளிகள். புள்ளிகள் இப்போது கை பட்டுப் பட்டு மங்கிவிட்டன. ஒரு பக்கம் நூல் பிரிந்ததை அவரே மறுபடி தைத்தார்.

உலகத்தில் மற்ற ஊர்களில் ஒரு நல்ல காரை வாங்கிக் கொட்டகையில் போட்டுவிட்டுக் காத்திருக்கலாம். சிங்கப்பூரில் காத்திருப்பதற்கே வாடகை உண்டு. 1990இல் சிஓஇ முறை வந்ததிலிருந்து எந்தக் காருக்கும் இங்கே ஆயுள் பத்து ஆண்டு. அதன் பிறகு கடந்த மூன்று மாத சிஓஇ ஏல விலைகளின் சராசரியைக் கட்டி ஐந்துக்கோ பத்துக்கோ நீட்டிக்கலாம். ஐந்து என்றால் பாதித் தொகை, ஆனால் அதற்கு மேல் நீட்டிக்க முடியாது. 2023 அக்டோபரில் பெரிய கார்ப் பிரிவின் ஏலம் 1,50,001 வெள்ளியைத் தொட்டதை யாரும் மறந்திருக்க மாட்டோம். இதற்கு மேல், வயது ஏற ஏறச் சாலை வரியும் ஆண்டுக்குப் பத்து விழுக்காடு கூடி, ஐம்பதில் போய் நிற்கும். எனக்கு ஆண்டுக்கு 1,200 வெள்ளி அளவில் இருந்தது இப்போது 1,800ஐத் தாண்டிவிட்டது.

விலையுயர்ந்த கார்களுக்கு முன்பு ஒரு தரை இருந்தது. பத்து ஆண்டுக்குள் பதிவை நீக்கினால் கூடுதல் பதிவுக் கட்டணத்தில் பாதியாவது பார்ஃபாகத் திரும்பி வந்தது. 2023 பட்ஜெட்டில் அந்தத் தரையைக் கீழே இறக்கினார்கள். பொதுச் சந்தை மதிப்பு, அதாவது சுங்கத்துறை மதிப்பிடும் இறக்குமதி விலை, ஒரு லட்சம் வெள்ளி உள்ள ஒரு வேகக் காரை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தப் பட்ஜெட் வகுத்த அடுக்குகளின்படி முதல் இருபதாயிரத்துக்கு நூறு விழுக்காடு என்று தொடங்கி எண்பதாயிரத்துக்கு மேல் 320 விழுக்காடு வரை போகும் கட்டணத்தைக் கூட்டினால் சரியாக இரண்டு லட்சம் வருகிறது. பாதி என்றால் ஒரு லட்சம் திரும்ப வேண்டும். ஆனால் அந்தப் பட்ஜெட்டில் பார்ஃபுக்கு 60,000 என்று உச்சவரம்பு வைத்தார்கள். நாற்பதாயிரம் காற்றில் போனது. சாலை நெரிசலுள்ள சிறிய தீவில் இப்படி விதி வைப்பதன் நியாயம் எனக்குப் புரிகிறது, அதை நான் எதிர்க்கவில்லை. லிமிடெட் எடிஷன் வாங்கினால் விலை விழாது என்று தரகர் சொல்லும்போது இந்தக் கணக்கை அவர் சொல்வதில்லை, அதைத்தான் எதிர்க்கிறேன்.

இங்கே ஒரு கார் கிளாசிக் என்று அரசாங்கக் கணக்கில் பெயர் வாங்க 35 வயது நிறைய வேண்டும். அப்போதும் ஆண்டுக்கு 45 நாள்தான் சாலையில் இறக்கலாம். என் காருக்கு 2043இல் 35 ஆகும். 2028இல் பத்து ஆண்டுக்கும், 2038இல் ஐந்து ஆண்டுக்கும் நான் மறுபடி பணம் கட்ட வேண்டும். பத்து ஆண்டுக்கு ஒரு லட்சம் என்று வைத்துக்கொண்டால் மொத்தம் ஒன்றரை லட்சம் வெள்ளி. இருபது வயதுக்கும் முப்பத்தைந்து வயதுக்கும் நடுவில் இருக்கும் இந்தப் பள்ளத்தாக்கில்தான் சிங்கப்பூரின் எதிர்காலக் கிளாசிக்குகள் பெரும்பாலும் விழுந்து காணாமல் போகின்றன. சில நொறுக்கப்படுகின்றன, சில கொள்கலனில் ஏறிக் கடல் தாண்டுகின்றன. கடல் தாண்டுவதற்கும் இழுவிசை உண்டு. அமெரிக்காவில் 25 வயது நிறைந்த வெளிநாட்டுக் காரை அந்நாட்டுப் பாதுகாப்பு விதிகளைக் கணக்கில் எடுக்காமல் இறக்குமதி செய்யலாம். நிசான் ஸ்கைலைன் ஜிடி-ஆர் ஆர்34 1999இல் பிறந்தது. 2024இல் அதற்குக் கதவு திறக்கும் என்று பல ஆண்டுகள் முன்பிருந்தே அதன் விலை ஏறிக்கொண்டே போனது. முதல் எஃப்டி2களுக்கு அந்தக் கதவு 2032இல் திறக்கும்.

எனவே எதிர்காலக் கிளாசிக் எது என்று என்னிடம் கேட்டால் ஏல மாளிகைகளின் பட்டியலை நான் பார்ப்பதில்லை. பத்து வயது முடிந்தும் சாலையில் ஓடிக்கொண்டிருக்கும் கார்களைப் பார்க்கிறேன். வரும் பணத்தை வேண்டாம் என்று விட்டு, அதற்கு மேல் இன்னொரு தொகையையும் கட்டி ஒருவர் ஒரு வேகக் காரை வைத்துக்கொண்டிருக்கிறார் என்றால், அவர் அதன் மதிப்பைத் தன் சம்பளத்தால் எழுதிக் காட்டியிருக்கிறார். வீட்டுத் தேவைக்காகப் புதுப்பிக்கும் டாக்சி வகைக் கார்களை விட்டுவிடுங்கள், அது வேறு கணக்கு. ஞாயிற்றுக்கிழமை அதிகாலையில் பழைய அப்பர் தாம்சன் சாலைப் பக்கம் போய்ப் பாருங்கள். 1961 முதல் 1973 வரை கிராண்ட் பிரீ கார்ப் பந்தயம் நடந்த மண் அது. வளைவுகள் இன்னும் அப்படியே இருக்கின்றன, குரங்குகள்தான் இப்போது பார்வையாளர்கள். அங்கே மெல்ல உருண்டு போகும் வண்டிகளில் எஸ்2000 இருக்கும், பழைய எம்3 இருக்கும், லான்சர் எவல்யூஷன் இருக்கும். எண் தகடு அடித்த ஹாட்ச்பேக்குகளை அங்கே நான் கண்டது மிக அரிது.

என்னிடம் வரும் தம்பிகளுக்கு நான் சொல்வது ஒன்றுண்டு. கழற்றிய எதையும் எறியாதீர்கள். எஃப்டி2 வாங்கியவர்களில் பலர் சைலன்சரை மாற்றினார்கள், இருக்கையை மாற்றினார்கள், சிலர் டர்போவும் பூட்டினார்கள். பழைய பாகங்கள் குப்பைக்குப் போயின. இன்று தொழிற்சாலையில் இருந்து வந்தபடியே இருக்கும் வண்டிக்குத்தான் தனி விலை. நானும் சைலன்சரை மாற்றியவன்தான். பழையதை எங்கள் வீட்டுப் பாதுகாப்பறையில் அரிசி மூட்டைக்கும் பொங்கல் பானைக்கும் பின்னால் வைத்திருக்கிறேன். சின் மிங்கில் என் வண்டியைப் பார்க்கும் மெக்கானிக் அண்ணன் ஒவ்வொரு முறையும் அதைப் பற்றி விசாரிப்பார். துரு பிடிக்காமல் இருக்க எண்ணெய்த் துணி சுற்றி வைக்கச் சொன்னதும் அவர்தான். இஞ்சின் தாங்கி ரப்பர்கள் போன மாதம்தான் ஜப்பானில் இருந்து வந்தன. மாற்றி முடித்தபின் அவர் இஞ்சினை இயக்கி, கண்ணை மூடிக்கொண்டு, பானெட்டின்மேல் உள்ளங்கையை வைத்துக் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு "சரியாகிவிட்டது தம்பி" என்றார்.

எனக்கு ஒரு பயம் இருந்தது. 2043இல் மேனுவல் கியர் ஓட்டத் தெரிந்தவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்? இப்போதே உரிமம் எடுக்க வரும் பிள்ளைகள் பலர், மேனுவலுக்கான மூன்றாம் வகுப்பை விட்டுவிட்டு, தானியங்கி கியருக்கான 3ஏ வகுப்புக்குத்தான் போகிறார்கள். ஓட்டத் தெரியாத ஒன்றின்மீது யாருக்கு ஆசை வரும்? ஆசை இல்லாத இடத்தில் என்ன விலை நிற்கும்?

மகளுக்கு அடுத்த ஆண்டு பதினெட்டு ஆகிறது. தீபாவளிக்கு முதல் நாள் இரவு சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, "அப்பா, நான் 3ஏ எடுக்கவில்லை. மூன்றுதான் எடுக்கப்போகிறேன்" என்றாள். ஏன் என்று கேட்டேன். "நம் வண்டியை வேறு யார் ஓட்டுவது?" என்றாள். சாப்பிட்டு முடித்ததும் இருவரும் கார்ப்பேட்டையின் மொட்டை மாடிக்குப் போனோம். இஞ்சினை இயக்கவில்லை. ஓட்டுநர் இருக்கையில் அவளை உட்காரவைத்து, கிளட்ச்சை முழுக்க மிதித்து ஒன்றிலிருந்து ஆறு வரை கியரைப் போட்டுப் பழகச் சொன்னேன். பாட்டி தைத்த உறையை அவள் கழற்றவில்லை. மூன்றிலிருந்து நான்குக்கு நேர்கோட்டில் இழுத்தபோது உள்ளே உலோகம் உலோகத்தில் பதியும் அந்தச் சின்ன ஒலி கேட்டது. "இன்னொரு தடவை" என்று சொல்லிவிட்டு அவளே மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினாள்.